இரவுக்கு எங்கே நிறுத்துவது? தென்னாப்பிரிக்காவில் கேரவன் முகாம் தேடப் புதிதாக இறங்குவோருக்கு

தங்கிப் பயணம் போகப் படுக்கையோடு வரும் வண்டியை ஆர்.வி. என்பார்கள், ஆனால் இங்கே அப்படிச் சொன்னால் பலருக்கு உடனே பிடிபடாது. காருக்குப் பின்னால் கோர்த்து இழுத்துப் போவது கேரவன். இன்ஜினும் படுக்கையும் ஒரே வண்டியில் இருந்தால் மோட்டார்ஹோம் அல்லது கேம்பர். அவற்றை நிறுத்தும் வளாகம் கேரவன் பார்க். அதற்குள் உங்களுக்கென்று விடும் துண்டு நிலம் ஸ்டாண்ட். பொதுக் குளியலறையும் கழிப்பறையும் இருக்கும் கட்டடம் அப்லூஷன்ஸ். கரியிலோ விறகிலோ சுட்டுச் சாப்பிடுவது பிராய். இந்தச் சொற்கள் கையில் இருந்தால் எந்த முகாமுக்கும் போன் போட்டுப் பேசிவிடலாம்.

என் முதல் பயணம் ஒரு ஜூன் மாத வெள்ளிக்கிழமை. டர்பனிலிருந்து தெற்குக் கடற்கரைப் பக்கம் ஒரு கேரவன் பார்க். படத்தில் கடல், புல்வெளி, நீல வானம். வேலை முடிந்து ஐந்து மணிக்குக் கிளம்பினோம். போய்ச் சேர்ந்தபோது ஏழரை, கும்மிருட்டு, கேட்டில் பூட்டு. காவலாளி வந்து திறக்க முக்கால் மணி நேரம் ஆனது. கிடைத்த ஸ்டாண்ட் சரிவு. மின்பெட்டி நான் நினைத்ததைவிட நான்கு மீட்டர் தள்ளி இருந்தது, கேபிள் எட்டவில்லை. சரி, எரிவாயுவில் ஃப்ரிட்ஜை ஓடவிடலாம் என்றால் வண்டி சாய்ந்து நின்றதால் அது குளிரவே இல்லை. மசாலா தடவி வைத்திருந்த நாலு கிலோ கோழியைக் காலையில் குப்பையில் போட்டோம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டு அங்கிளிடம் சொன்னேன். முப்பது வருடமாகக் கேரவன் இழுக்கிறவர். சிரித்து முடித்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஸ்டாண்ட் எப்படி இருக்கும்னு கேட்டியாப்பா, இல்ல கடல் எப்படி இருக்கும்னு கேட்டியா?"

அதற்குப் பிறகு நான் முகாம் தேடும் முறையே மாறிவிட்டது. அழகான ஊர் எது என்று தேடுவதில்லை. நாங்கள் நால்வர் நிம்மதியாகத் தூங்கி எழக்கூடிய அந்தப் பத்து மீட்டர் நிலம் எது என்று தேடுகிறேன்.

வண்டிக்கு முன்னால் உரிமம்

உங்கள் ஓட்டுநர் அட்டையில் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். பி என்றால் மொத்த எடை 3,500 கிலோ வரையிலான வண்டி ஓட்டலாம். ஆனால் பின்னால் இழுப்பது 750 கிலோவுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். சாமான் ஏற்றும் சிறிய டிரெய்லருக்கு அது போதும், பெரும்பாலான கேரவன்களுக்குப் போதாது. அதற்கு ஈ.பி. தேவை. 3,500 கிலோவைத் தாண்டும் மோட்டார்ஹோமுக்கு சி1. இதைச் சரிபார்க்காமல் கேரவனை வாடகைக்கு எடுத்தால், ஏதாவது இடித்தபின் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான். ஈ.பி. இல்லாதவர்களுக்கு என் யோசனை: முதல் வருடம் சிறிய கேம்பரை வாடகைக்கு எடுத்துப் பழகுங்கள். இழுத்துக்கொண்டு பின்னால் வருவதைவிட அது எளிது.

தேதியை முதலில் முடிவு செய்யுங்கள், ஊரைப் பிறகு

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி பாதி வரை ஜோஹன்னஸ்பர்க்கே காலியாகி நம் குவாசுலு-நட்டால் கடற்கரைக்கு வந்துவிடும். அந்த நாட்களுக்கு நல்ல ஸ்டாண்ட் வேண்டுமென்றால் அதே ஆண்டு பிப்ரவரி, மார்ச்சிலேயே பிடித்துவிட வேண்டும். ஈஸ்டரும் அப்படித்தான். குட் ஃப்ரைடே அன்று இசிபிங்கோ மாரியம்மன் கோவிலுக்குப் போவதாக நேர்ந்துகொண்ட வீடுகளில் அந்த நாலு நாளும் முகாம் என்ற பேச்சே எழாது. மற்றவர்களோ அதற்காகப் பல மாதம் முன்பே பணம் கட்டி வைத்திருப்பார்கள். ஜூன், ஜூலை பள்ளி விடுமுறையிலும் செப்டம்பர் கடைசி விடுமுறையிலும் கூட்டம் இருக்கும், ஆனால் கழுத்தை நெரிக்காது.

இடம் இல்லை என்று வந்தால் மனம் தளர வேண்டாம். எல்லா இடத்திலும் தேதி நெருங்க நெருங்க ரத்து செய்தால் பிடிக்கும் தொகை கூடிக்கொண்டே போகும். அதனால் போக முடியாதவர்கள் அந்த வரம்புக்கு முன்பே விட்டுவிடுவார்கள். பயணத்துக்கு ஐந்தாறு வாரம் இருக்கும்போது தினம் காலையில் ஒரு முறை பார்த்தால் எனக்கு இரண்டில் ஒரு தடவை கிடைத்திருக்கிறது.

பருவத்தையும் கணக்கில் எடுங்கள். குரூகர் பூங்காவுக்கு மழையில்லாத குளிர்காலம்தான் (இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை) நல்லது. புல் காய்ந்து, விலங்குகள் தண்ணீர் தேடி வெளியே வரும். கோடையில் அங்கே 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு, கேரவனின் தகர உடம்புக்குள் அதைத் தாங்க முடியாது. டிராக்கன்ஸ்பெர்க் மலையில் கோடை மதியங்களில் இடி மழை, குளிர்கால இரவுகளில் உறைபனி, சில சமயம் பனிப்பொழிவே உண்டு. ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் கவ்டெங் பக்கம் கோடையில் ஆலங்கட்டி விழுந்து கேரவன் கூரையை அம்மி கொத்தினது போல ஆக்கிவிடும். கேப் டவுன் பக்கம் எல்லாமே தலைகீழ், அங்கே மழை குளிர்காலத்தில். குரூகருக்கும் குவாசுலு-நட்டாலின் வடகோடிக்கும் போவதானால் மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், முக்கியமாக அக்டோபரிலிருந்து மே வரை. சின்னக் குழந்தை இருப்பதால் அந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்களுக்குப் பிலானஸ்பெர்க்கும் ஆடோ யானைப் பூங்காவும் இருக்கின்றன. இரண்டும் மலேரியா இல்லாத பகுதி, இரண்டிலும் கேரவன் நிறுத்தலாம்.

கடிகாரத்தை வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பாருங்கள்

போன் சொல்லும் பயண நேரம் காருக்கானது. கேரவனோடு போகும்போது அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். நான் மணிக்கு 70 கி.மீ. என்றுதான் கணக்குப் போடுகிறேன், பெட்ரோல் நிலையம், டீ, குழந்தைக்குப் பாத்ரூம் எல்லாம் அதில் அடக்கம். ஒரு நாளைக்கு 350 கி.மீ.க்கு மேல் வேண்டாம். அப்புறம், சேரும் நேரத்தைப் பொழுது சாயும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது பழகாத விஷயம். ஊரில் வருடம் முழுக்கச் சுமார் ஆறு, ஆறரைக்கு இருட்டும். டர்பனில் டிசம்பரில் ஏழு மணி வரை வெளிச்சம், ஜூனில் ஐந்து மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும். நாலு மணிக்குள் முகாமில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சாலையோரமாக ஒதுங்கி வண்டியிலேயே தூங்கிவிடலாம் என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம், இந்த நாட்டில் அது பாதுகாப்பில்லை.

குரூகருக்குள் நுழைந்துவிட்டால் கணக்கு இன்னும் இறுகும். தார் சாலையில் 50, மண் சாலையில் 40 கி.மீ. தான் வேகம். மலேலேன் கேட்டில் நுழைந்து சடாரா முகாமில் தங்குவதாகப் போட்டால் உள்ளே மட்டும் 150 கி.மீ.க்கு மேல் ஓட வேண்டும். வழியில் ஒரு யானைக் கூட்டமும் மறிக்காமலிருந்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல். மறிக்காமல் இருக்குமா? ஜூன், ஜூலையில் முகாம் கேட் மாலை 5:30க்கு மூடிவிடுவார்கள், தாமதமாகப் போனால் அபராதம். அதனால் முதல் இரவை நுழைவாயிலுக்குப் பக்கத்து முகாமில் போடுங்கள். மலேலேன் வழியாக வருகிறவர்களுக்கு பெர்க்-என்-டால் கைக்கு எட்டும் தூரம்.

டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் ஏறத்தாழ 570 கி.மீ. பக்கத்து வீட்டு அங்கிள் இதை எப்போதும் இரண்டு நாளாகவே போகிறார், நடுவில் ஃப்ரீ ஸ்டேட் மாநிலத்தில் ஒரு ராத்திரி. மூட்டு வலிக்காகத்தான் என்று நினைத்திருந்தேன். காரணம் வேறு. 1891இல் வந்த சட்டப்படி அந்த மாநிலத்தில் இந்தியர்கள் குடியிருக்க முடியாது. 1980களின் நடுப்பகுதி வரை அந்தத் தடை நீடித்தது. அவருடைய அப்பா இந்தச் சாலையில் போகும்போதெல்லாம் ஹாரிஸ்மித்தில் நிற்காமல், ராத்திரியோடு ராத்திரியாக எல்லையைத் தாண்டியாக வேண்டும், சோற்றுப் பொட்டலம் காருக்குள்ளேயே. அரசு முகாம்கள், கடற்கரைகள் பலவும் வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்க வழிசெய்த 1953ஆம் ஆண்டுச் சட்டம் 1990இல்தான் நீங்கியது. "எங்கப்பா நிக்க முடியாத இடத்துல நான் ஒரு ராத்திரி படுத்துட்டுதான் போவேன்" என்பார் அங்கிள். அவர் தங்கும் இடம் கோல்டன் கேட் தேசியப் பூங்காவின் கிளென் ரீனன் முகாம். மஞ்சள் மணற்பாறை, பக்கத்திலேயே ஓடை. தார் சாலையிலேயே போய்விடலாம், ஆனால் குளிர்காலத்தில் கம்பளி போதாது, இரட்டைக் கம்பளி வேண்டும்.

மலைப்பாதைகளை வரைபடத்தில் விரலால் தொட்டுப் பாருங்கள். சானி பாஸ் நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு மட்டும். ஸ்வார்ட்பெர்க் பாஸ் மண் சாலை, கேரவனுக்கு ஆகாது. மெய்ரிங்ஸ்போர்ட் வழியாக வாருங்கள், அது தார். வாடகை வண்டி என்றால் மண் சாலையில் ஓட்டவே ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும்.

யார் நடத்தும் இடம்?

தேசியப் பூங்காக்களை நடத்துவது சான்பார்க்ஸ். பதிவு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே திறந்துவிடும். சுத்தம், பாதுகாப்பு, விதிமுறை எல்லாம் ஓரளவு எல்லாப் பூங்காவிலும் ஒரே மாதிரி, அதுதான் புதியவர்களுக்கு வசதி. ஆனால் எல்லா முகாமும் ஒன்றல்ல. குரூகரிலேயே பாலூலே, ட்செண்ட்சே இரண்டிலும் மின்சாரம் கிடையாது. அந்த அமைதிக்காகவே தேடிப் போகிறவர்கள் உண்டு, முதல் பயணத்துக்கு வேண்டாம்.

நம் மாநிலத்தில் காடுகளையும் மலைகளையும் பார்த்துக்கொள்வது எசெம்வெலோ. ராயல் நட்டாலில் மஹாய், நடு மலைத்தொடரில் மங்க்ஸ் கவுல், இன்ஜிசூதி, கடற்கரையில் சோட்வானா பே, கேப் விடால் எல்லாம் அவர்களுடையவை. இயற்கை அழகில் இவற்றை அடித்துக்கொள்ள ஆளில்லை. பராமரிப்புதான் ஏற்ற இறக்கம். ஒரு வருடம் அப்லூஷன்ஸ் பளிச்சென்று இருக்கும், மறு வருடம் பாதிக் குழாயில் காற்று மட்டும் வரும். கடைசி ஒரு மாதத்துக்குள் போய்வந்தவர்கள் எழுதியதை மட்டும் நம்புங்கள்.

ஒரு எச்சரிக்கை. காண்டாமிருகம் பார்க்க ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி போகலாம் என்று கேரவனை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், உள்ளே கேரவன் ஸ்டாண்ட் கிடையாது. செயின்ட் லூசியாவில் நிறுத்திவிட்டுக் காரில் போய்வருவதுதான் வழி, ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடும்.

தனியார் ரிசார்ட்டுகளில் நீச்சல் குளம், சறுக்கு, வெந்நீர், கடை எல்லாம் இருக்கும், விலையும் இருக்கும். குழந்தைகளோடு முதல் முறை போகிறவர்களுக்கு நான் தயங்காமல் இவற்றைத்தான் சொல்வேன். நகராட்சி கேரவன் பார்க்குகள் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் நன்றாக இருந்தனவாம். இப்போது சில இன்னும் அருமை, பல கவனிப்பாரில்லை. நேரில் பார்த்தவர் யாராவது சொல்லாமல் அவற்றுக்கு முன்பணம் கட்ட மாட்டேன்.

மேலிருந்து ஒரு பார்வை

பேர் பிடித்ததும் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பெரிதாக்குங்கள். ரயில் தண்டவாளம் ஓடுகிறதா, நெடுஞ்சாலை எவ்வளவு பக்கம், மரங்கள் எந்தப் பக்கம், அப்லூஷன்ஸ் கூரை எங்கே, ஸ்டாண்டுகளுக்கு நடுவில் இடைவெளி எவ்வளவு. எல்லாம் தெரிந்துவிடும்.

நம்மவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் சூரியன். இங்கே அது வடக்குப் பக்கமாக நகர்கிறது. தெற்குப் பக்க வெயிலையும் வடக்குப் பக்க நிழலையும் மனத்தில் வைத்து வளர்ந்த நமக்குக் கணக்கு அப்படியே மாறிப்போகும். கோடையில் வடக்கிலும் மேற்கிலும் மரம் இருக்கும் ஸ்டாண்டைக் கேளுங்கள். குளிர்காலத்தில் வடக்கு திறந்திருந்தால் காலை எட்டு மணிக்கே கைகால் வெதுவெதுப்பாகிவிடும். ஃப்ரிட்ஜின் காற்றுத் துவாரம் இருக்கும் பக்கத்தை மேற்கு வெயிலுக்குக் காட்டாதீர்கள்.

கடற்கரையில் முன்வரிசை ஸ்டாண்டுக்கு எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். நான் மூன்றாவது வரிசையைக் கேட்பேன். தென்மேற்குக் காற்று திரும்பும் இரவில் முன்வரிசைக்காரர்கள் கூடாரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

போன் எடுங்கள்

இணையத்தில் பதிவு செய்யும் வசதி இருந்தாலும் ஒரு முறை பேசுங்கள். அலுவலகத்துக்கு இல்லை, முடிந்தால் முகாமின் வரவேற்பறைக்கே. காலை பத்து மணிக்கு மேல் கூப்பிட்டால் பொறுமையாகப் பேசுவார்கள். நான் கேட்பவை இவை.

என் கேரவன் ஐந்தரை மீட்டர், காரும் பக்கத்தில் நிற்க வேண்டும், பக்கக் கூடாரமும் போடுவேன், இடம் போதுமா? நிலம் சமமா? இதைக் கேட்பது தூக்கத்துக்காக மட்டும் இல்லை. எரிவாயுவிலும் ஓடும் மூவழி ஃப்ரிட்ஜ் சாய்வில் நின்றால் குளிராது, அதன் குழாய்களில் திரவம் தானாக இறங்கித்தான் சுற்ற வேண்டும். என் கோழி போன கதை அதுதான்.

மின்பெட்டி எத்தனை மீட்டரில்? பெரும்பாலான இடங்களில் நீல நிற மூன்று முள் கேரவன் பிளக், 16 ஆம்பியர். சில இடங்களில் வீட்டு மூன்று முள் பிளக்கும் இருக்கும், இரண்டுக்குமான இணைப்பான் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். கேபிள் 25 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். ஸ்டாண்டுக்கு எத்தனை ஆம்பியர் பிரேக்கர் என்றும் கேளுங்கள். 10 ஆம்பியர் என்றால் 2,300 வாட், அவ்வளவுதான். கெட்டிலும் ஹீட்டரும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழும். தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸியை ஓடவிடும்போது கெட்டிலை அணைத்துவிடுங்கள், இது அனுபவம்.

மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எதற்கெல்லாம் ஓடும்? 2023இல் லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது நாள் முழுக்கத் தவணை முறையில் மின்வெட்டு. இப்போது அவ்வளவு இல்லை, ஆனால் கேள்வி பழையதாகிவிடவில்லை. தண்ணீர் ஆழ்துளைக் கிணறா, ஊர்க் குழாயா, அதுவும் மின்மோட்டாரை நம்பித்தான் வருகிறதா? காலாஹாரி பக்கம் தண்ணீர் உப்புக் கரிக்கும், அங்கே டீ போடவே தனித் தண்ணீர் வேண்டும்.

வெந்நீர் எதில் சூடாகிறது? விறகுப் பாய்லர் என்றால் மாலை ஆறுக்குக் குளித்துவிடுங்கள். கேட் எத்தனை மணிக்கு மூடும், இரவில் காவல் உண்டா? ராத்திரி எத்தனை மணிக்குப் பாட்டை நிறுத்தச் சொல்வீர்கள்? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பத்து மணி என்று பதில் வந்தால் அது நல்ல முகாம். சிரித்து மழுப்பினால் டிசம்பரில் அங்கே போகாதீர்கள்.

கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்யும் இடம் உண்டா என்பதை மோட்டார்ஹோம்காரர்கள் மறக்காமல் கேட்க வேண்டும். அமெரிக்காவில் போல ஒவ்வொரு ஸ்டாண்டிலும் கழிவுநீர்க் குழாய் இங்கே அபூர்வம். பெட்டி வடிவத் தொட்டியைக் கழற்றித் தூக்கிப்போய், அவர்கள் காட்டும் இடத்தில் கொட்ட வேண்டும். செப்டிக் தொட்டி இருக்கும் முகாம்களில் சில ரசாயனங்களைக் கொட்ட விட மாட்டார்கள், அதிலுள்ள நுண்ணுயிர் செத்துவிடும் என்பதால். புல்வெளி முகாமில் தரைவிரிப்பு அனுமதி உண்டா என்றும் கேளுங்கள், பல இடங்களில் காற்றுப் போகும் நிழல்வலைத் துணிக்கு மட்டும் சரி என்பார்கள்.

ஆள் கணக்கும் பணமும்

சான்பார்க்ஸ் ஸ்டாண்ட் ஒன்றுக்கு அதிகபட்சம் ஆறு பேர். அடிப்படைக் கட்டணம் இரண்டு பேருக்கு, அதற்கு மேல் தலைக்கு இவ்வளவு. மாமா குடும்பம், அத்தை குடும்பம், இரண்டு பாட்டி என்று பன்னிரண்டு பேராகக் கிளம்பும் நமக்கு இரண்டு ஸ்டாண்ட் கட்டாயம். கேட்டில் எண்ணுவார்கள். ஸ்டாண்ட் கட்டணத்துக்கு மேல் பூங்காவின் நாள் கட்டணம் தனி. அதில் இந்நாட்டவர்க்கு ஒரு தொகை, வெளிநாட்டவர்க்குப் பல மடங்கு. உங்கள் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். இந்தியாவிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மாவுக்கு வெளிநாட்டுக் கட்டணம்தான், முன்பே கணக்கில் சேர்த்துவிடுங்கள், கேட்டில் நின்று முகம் சுருங்க வேண்டாம். வருடத்தில் பல நாள் பூங்காவுக்குள் இருப்பவர்களுக்கு வைல்டு கார்டு என்ற ஆண்டு அனுமதி அட்டை லாபம். நாய், பூனை அங்கே கிடையாது.

போய்ச் சேர்ந்ததும்

குரூகரின் பல முகாம்களில் ஸ்டாண்ட் எண் கொடுப்பதில்லை, முதலில் வந்தவர் பிடித்ததுதான். அதனால் கேரவனை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு சுற்று நடந்து பாருங்கள். அப்லூஷன்ஸுக்கு எதிரிலேயே நின்றால் இரவு முழுக்கக் கதவுச் சத்தமும் விளக்கும். ரொம்பத் தள்ளிப் போனால் பாட்டிக்கு நடை. நாற்பது, ஐம்பது மீட்டர் சரியான தூரம். மழைநீர் ஓடிய தடம் தரையில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் இன்று ராத்திரியும் அதே வழியில் வரும். தலைக்கு மேல் காய்ந்த கிளை வேண்டாம். வேலியோர ஸ்டாண்ட் கிடைத்தால் விடாதீர்கள், இரவில் கழுதைப்புலி வேலிக்கு அந்தப் பக்கம் நடந்துபோவதைப் பார்க்கலாம்.

சக்கரத்துக்கு அடியில் வைக்க இரண்டு மரப்பலகை, ஒரு சின்ன ரசமட்டம். இந்த இரண்டும் இல்லாமல் நான் இப்போது கிளம்புவதில்லை.

அடுப்பு, குரங்கு, நீர்யானை

பிராய் அடுப்பு ஸ்டாண்டிலேயே இருக்கும், கம்பி வலையை மட்டும் நீங்கள் கொண்டுபோங்கள். முகாம் வலையில் முந்தின நாள் யாரோ போரவோர்ஸ் என்ற தொத்திறைச்சியைச் சுட்டிருப்பார்கள், அதில் பெரும்பாலும் மாட்டிறைச்சி. புரட்டாசியும் செப்டம்பர் விடுமுறையும் சேர்ந்து வருவதால் நம்மவர்கள் பலர் அப்போது சைவம். மக்காச்சோளம், கத்தரிக்காய், பனீருக்கென்று வீட்டில் ஒரு வலை தனியாகவே இருக்கிறது. பிரியாணிச் சட்டிக்கு பிராய் சரிப்படாது, எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் கட்டாயம்.

டர்பன்வாசிகளுக்குக் குரங்கு பற்றிச் சொல்லத் தேவையில்லை, சமையலறை ஜன்னலில் தினம் பார்ப்பதுதான். முகாம் குரங்குக்குக் கூடார ஜிப் திறக்கத் தெரியும். சடாராவில் தேன்வளைக்கரடி (ஹனி பேட்ஜர்) குப்பைத் தொட்டியின் மூடியைத் திறந்து எலும்பு பொறுக்கும். ரொட்டி, பழம் எல்லாம் கேரவனுக்குள், ஜன்னல் சாத்தி.

செயின்ட் லூசியா விஷயம் வேறு. அங்கே இருட்டியபின் நீர்யானைகள் புல் மேயத் தெருவுக்கே வரும். கழிமுகத்தில் முதலையும் உண்டு. இரவில் அப்லூஷன்ஸுக்குப் போக வேண்டுமானால் டார்ச்சோடு இரண்டு பேராகப் போங்கள், குழந்தையைத் தனியாக அனுப்பாதீர்கள்.

முதல் பயணத்துக்கு ஒரு இடம் கேட்டால்

டர்பன்காரர்களுக்கு நான் சொல்வது டிராக்கன்ஸ்பெர்க் மலையின் மஹாய் முகாம். ஏறக்குறைய 300 கி.மீ., என்3 நெடுஞ்சாலை வழியாகப் போய் வின்டர்டன், பெர்க்வில் தாண்டினால் வாசல் வரை தார். மின்சார ஸ்டாண்டுகள், நிழல், பக்கத்தில் ஓடை, எதிரே ஆம்ஃபிதியேட்டர் பாறைச் சுவர். துகேலா பள்ளத்தாக்கு நடை போய்வர 14 கி.மீ., பெரியவர்கள் பாதியில் உட்கார்ந்து முறுக்கு சாப்பிட்டுத் திரும்பிவிடலாம். ஏப்ரல் கடைசி அல்லது மே தொடக்கம் என்றால் மழை ஓய்ந்திருக்கும், குளிர் இன்னும் கடிக்காது. வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு போட்டுப் பதினொன்றுக்குக் கிளம்புங்கள். இரண்டு இரவு போதும்.

ஞாயிறு காலை பத்து மணிக்குள் ஸ்டாண்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும். எரிவாயு மூடியாயிற்றா, கூரை ஜன்னல் இறங்கியிருக்கிறதா, ஃப்ரிட்ஜ் கதவு பூட்டியிருக்கிறதா, பின்விளக்கு எரிகிறதா என்று ஒருவர் பார்த்தபின் இன்னொருவர் மறுபடி சுற்றிவந்து பார்க்கட்டும். நீலப் பிளக்கைக் கழற்றிவிட்டோமா என்பதை அந்த இரண்டாவது ஆள்தான் சொல்ல வேண்டும். நான் ஒரு முறை கேபிளை மாட்டியபடியே ஆறு மீட்டர் நகர்ந்தேன், பக்கத்து ஸ்டாண்ட் பாட்டிதான் கரண்டியை ஆட்டிக்கொண்டே ஓடிவந்து நிறுத்தினார்.